ஷேர்பாயின்ட் ஃபோல்டர் பெர்மிஷன்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

நிறுவன ஃபைல்களை இணையத்தில் வைத்துப் பகிரும் மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட் ஆன்லைனில், ஒரு ஃபோல்டருக்கு மட்டும் தனி பெர்மிஷன் (யார் திறக்கலாம், திருத்தலாம் என்ற அனுமதி) வைப்பது இரண்டு நிமிட வேலை. ஆறு மாதம் கழித்து, "இந்த ஃபோல்டரை யார் யார் திறக்க முடியும்?" என்று ஆடிட்டர் கேட்கும்போதுதான் சிக்கல் தெரியும். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடிகிறதா என்பதை வைத்தே இங்கே இந்த வசதியை எடைபோட்டிருக்கிறோம். சைட் (ஒரு குழுவுக்கான ஷேர்பாயின்ட் தளம்) ஓனராகவோ மைக்ரோசாஃப்ட் 365 அட்மினாகவோ தினமும் ஆக்சஸ் கொடுத்து எடுப்பவர்களுக்கான விமர்சனம் இது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஃபோல்டர் பூட்டு உறுதியானது. ஆக்சஸ் இல்லாதவர் கண்ணுக்கு அந்த ஃபோல்டரே படாது, தேடினாலும் சிக்காது. ஆனால் அது தற்காலிகத் தேவைக்கும் விதிவிலக்குக்கும் உரியது. சம்பளம், ஒப்பந்தம், ஒழுங்கு நடவடிக்கை என்று நிரந்தரமாகப் பிரித்து வைக்க வேண்டியவற்றுக்குத் தனி லைப்ரரி (சைட்டுக்குள் ஃபோல்டர்களும் ஃபைல்களும் இருக்கும் பகுதி) போடுங்கள். வெளியாட்கள் வந்துபோகும் இடமென்றால் தனி சைட்டே போடுங்கள். இதைச் செய்யாமல் ஒரே லைப்ரரிக்குள் ஃபோல்டர் ஃபோல்டராகப் பூட்டிக்கொண்டே போன இடங்களில்தான் பின்னால் வரும் குழப்பங்கள் அத்தனையும் நடக்கின்றன.

பெர்மிஷன் எப்படி இறங்குகிறது

சைட்டுக்குக் கொடுத்த பெர்மிஷன் லைப்ரரிக்கு இறங்கும், லைப்ரரியிலிருந்து ஃபோல்டருக்கும், ஃபோல்டரிலிருந்து ஃபைலுக்கும் இறங்கும். இதைத்தான் இன்ஹெரிட்டன்ஸ் என்கிறார்கள். புதிதாக ஒரு டீம் சைட் உருவாக்கினால் ஓனர்ஸ், மெம்பர்ஸ், விசிட்டர்ஸ் என்று மூன்று குரூப் தானாகவே வரும். ஓனருக்கு ஃபுல் கன்ட்ரோல், மெம்பருக்கு எடிட், விசிட்டருக்கு ரீட்.

இதில் எடிட் என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. எடிட் லெவல் உள்ளவர் ஃபைலைத் திருத்துவதோடு நிற்க மாட்டார், லைப்ரரியையே உருவாக்கவும் அழிக்கவும் அவரால் முடியும். ஃபைலைப் போட, திருத்த, நீக்க மட்டும் போதும் என்றால் சரியான லெவல் கான்ட்ரிபியூட். மெம்பர்ஸ் குரூப்புக்கு எடிட் கொடுப்பது தொடக்க அமைப்பு என்பதால் யாரும் மாற்றுவதில்லை. தவறுதலாக ஒரு மெம்பர் முழு லைப்ரரியையும் நீக்கிவிட்டால் ரீசைக்கிள் பின்னில் 93 நாள் கிடக்கும், மீட்டுவிடலாம். ஆனாலும் அந்தச் சூழ்நிலையே வராமல் தடுப்பது எளிது.

இன்ஹெரிட்டன்ஸை ஓரிடத்தில் துண்டித்தால், அந்த நிமிடத்தில் மேலே இருந்த பெர்மிஷன் அப்படியே பிரதியாகக் கீழே இறங்கிவிடும். ஃபோல்டர் காலியாக ஆவதில்லை. துண்டித்துவிட்டேன், இனி யாருக்கும் தெரியாது என்று நினைத்து அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. உண்மையில் அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பம்: அந்தப் பிரதியிலிருந்து வேண்டாதவர்களை நாம்தான் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும்.

ஃபைல் சர்வரிலிருந்து வருகிறவர்களுக்கு

விண்டோஸ் ஃபைல் சர்வரில் பழகியவர்கள் முதலில் தேடுவது டெனி (அனுமதி மறு) என்ற கட்டத்தை. குரூப் முழுவதற்கும் கொடுத்துவிட்டு ஒருவருக்கு மட்டும் டெனி போடுவது அங்கே வழக்கம். ஷேர்பாயின்ட் ஆன்லைனில் டெனி கிடையாது. பெர்மிஷன் கூடிக்கொண்டேதான் போகும். ஒருவருக்கு ஒரு குரூப் வழியாக ரீட், இன்னொரு குரூப் வழியாக எடிட் வந்தால் அவருக்கு எடிட்தான். ஆகவே பத்துப் பேர் கொண்ட மெம்பர்ஸ் குரூப்பில் ஒருவரை மட்டும் ஒரு ஃபோல்டரிலிருந்து விலக்க நேரடி வழி இல்லை. அந்த ஃபோல்டரில் இன்ஹெரிட்டன்ஸைத் துண்டித்து, மெம்பர்ஸ் குரூப்பையே நீக்கி, மீதி ஒன்பது பேரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒன்பது பேரையும் பெயர் பெயராகச் சேர்ப்பதைவிட, அவர்களுக்கென ஒரு குரூப் உருவாக்கி அதைச் சேர்ப்பது நல்லது. ஏன் என்பது கீழே வரும்.

ஒரு ஃபோல்டரைப் பூட்டும் முறை

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். அதற்குள் பில்கள், வவுச்சர்கள், வங்கி அறிக்கைகள், சம்பளப் பட்டியல் என நான்கு ஃபோல்டர். சம்பளப் பட்டியலை மூவர் மட்டும் பார்க்க வேண்டும்.

முதலில் குரூப். மேலே வலதுபுறம் உள்ள பல்சக்கரத்தில் சைட் பெர்மிஷன்ஸ், அங்கிருந்து அட்வான்ஸ்டு பெர்மிஷன்ஸ் செட்டிங்ஸ், அதில் கிரியேட் குரூப். "கணக்கு-சம்பளம்-திருத்துவோர்" என்று, பார்த்தவுடன் விளங்குகிற பெயராக வையுங்கள். அந்தப் படிவத்தின் அடியில் குரூப்புக்கு சைட் அளவில் என்ன பெர்மிஷன் என்று கேட்கும் கட்டங்கள் வரும். எதையும் டிக் செய்யாதீர்கள். டிக் செய்தால் அந்த மூவருக்கும் சைட் முழுவதும் அந்த லெவல் போய்விடும். நமக்கு வேண்டியது ஃபோல்டரில் மட்டும்.

பிறகு ஃபோல்டர். பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு மேனேஜ் ஆக்சஸ். பக்கவாட்டில் திறக்கும் பலகையில் பீப்பிள், குரூப்ஸ், லிங்க்ஸ் என்று மூன்று பகுதி இருக்கும். அதே பலகையின் மேற்புற மூன்று புள்ளிக்குள் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் ஒளிந்திருக்கிறது. அதைத் தொட்டால் பழைய பாணிப் பக்கம் ஒன்று திறக்கும். 2013 பதிப்புக் காலத் தோற்றத்திலேயே இன்றும் இருக்கிறது அது. பார்க்க அழகில்லை, ஆனால் உண்மையைச் சொல்லும் பக்கம் அதுதான். புதிய பலகை சுருக்கிக் காட்டுகிறது, பழைய பக்கம் முழுதாகக் காட்டுகிறது. சந்தேகம் வந்தால் எப்போதும் பழைய பக்கத்தையே நம்புங்கள்.

அங்கே மேலே மஞ்சள் பட்டையில், இந்த ஃபோல்டர் மேலிருந்து பெர்மிஷனைப் பெறுகிறது என்று எழுதியிருக்கும். ரிப்பனில் (பக்கத்தின் மேலே உள்ள பொத்தான் வரிசை) ஸ்டாப் இன்ஹெரிட்டிங் பெர்மிஷன்ஸ். ஓர் எச்சரிக்கை வரும், சம்மதித்தால் மஞ்சள் பட்டையின் வாசகம் மாறி, இந்த ஃபோல்டருக்குத் தனி பெர்மிஷன் உண்டு என்று சொல்லும். இப்போது மெம்பர்ஸ், விசிட்டர்ஸ் இரண்டுக்கும் முன்னால் டிக் போட்டு ரிமூவ் யூசர் பெர்மிஷன்ஸ். ஓனர்ஸ் இருக்கட்டும். அடுத்து கிரான்ட் பெர்மிஷன்ஸ். நாம் உருவாக்கிய குரூப்பின் பெயரைத் தட்டச்சு செய்து, ஷோ ஆப்ஷன்ஸ் என்பதை விரித்தால் லெவல் தேர்வு வரும். கான்ட்ரிபியூட் தேர்ந்தெடுங்கள். அழைப்பு மின்னஞ்சல் அனுப்பவா என்ற டிக் அங்கேயே இருக்கும், வேண்டாமென்றால் எடுத்துவிடுங்கள்.

அதே பெட்டியில் இன்னொரு டிக் இருக்கிறது. ஃபோல்டருக்குள் தனி பெர்மிஷன் வைத்த உருப்படிகள் இருந்தால் அவற்றையும் சேர்த்துப் பகிரவா என்று கேட்கும். அவசரத்தில் இதை யாரும் படிப்பதில்லை. உள்ளே ஏற்கெனவே இன்னொரு பூட்டிய ஃபோல்டர் இருந்தால், இந்த டிக் ஒன்றே அந்தப் பூட்டையும் திறந்துவிடும். ஆக்சஸ் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் ஷேர் பொத்தானைத் தொட வேண்டும்.

ஷேர் பொத்தான் செய்யும் வேலை

இந்த வசதியில் எங்களுக்குள்ள மிகப் பெரிய குறை இதுதான். மேலே சொன்னபடி முறையாகத் துண்டித்தால்தான் இன்ஹெரிட்டன்ஸ் துண்டாகும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஒரு சாதாரண மெம்பர், ஒரு ஃபோல்டரில் ஷேர் பொத்தானைத் தொட்டு, ஒருவருக்கு லிங்க் அனுப்பினாலே அந்த ஃபோல்டர் தனி பெர்மிஷனுக்கு மாறிவிடுகிறது. திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. அனுப்பியவருக்கும் தெரியாது, ஓனருக்கும் தெரியாது.

லிங்க் நான்கு வகை: எனிஒன் என்பது லிங்க் கையில் இருக்கும் யாரும் திறக்கலாம், நிறுவனத்துக்குள் இருக்கும் எல்லோருக்கும் என்பது ஒன்று, குறிப்பிட்ட நபர்களுக்கு மட்டும் என்பது ஒன்று, ஏற்கெனவே ஆக்சஸ் உள்ளவர்களுக்கு என்பது கடைசி. முதல் மூன்றும் இன்ஹெரிட்டன்ஸைத் துண்டிக்கும். ஒவ்வொரு லிங்க்குக்கும் பின்னால் கண்ணில் படாத ஒரு குரூப் உருவாகும். ஏற்கெனவே ஆக்சஸ் உள்ளவர்களுக்கான லிங்க் மட்டும் வெறும் முகவரிதான், எதையும் மாற்றாது.

இதனால் என்ன கெடுகிறது? அதே கணக்குப் பிரிவு லைப்ரரியில், வங்கி அறிக்கைகள் ஃபோல்டரை மார்ச்சில் ஒருவர் இன்னொரு பிரிவு மேலாளருக்கு லிங்க்காக அனுப்பியிருக்கிறார் என்று வையுங்கள். ஜூனில் ஆடிட்டர் குழு வருகிறது. ஓனர் ஆடிட்டர்ஸ் என்று புது குரூப் உருவாக்கி லைப்ரரி அளவில் ரீட் கொடுக்கிறார். ஆடிட்டர் லைப்ரரியைத் திறந்தால் பில்கள் தெரிகிறது, வவுச்சர்கள் தெரிகிறது, வங்கி அறிக்கைகள் மட்டும் இல்லை. அந்த ஃபோல்டர் மார்ச்சிலேயே மேலிருந்து பிரிந்துவிட்டது, ஜூனில் கொடுத்த புதுப் பெர்மிஷன் அதற்குள் இறங்கவில்லை. ஓனருக்கு எல்லாம் தெரிவதால் அவருக்குக் காரணம் விளங்காது. ஆடிட்டரோ ஃபைலை மறைக்கிறார்கள் என்று நினைக்கக்கூடும்.

முன்னே குரூப்பை வலியுறுத்தியதற்குக் காரணமும் இங்கேதான். மார்ச்சில் பிரிந்தபோது விசிட்டர்ஸ் குரூப் பிரதியாக அந்த ஃபோல்டருக்குள் போயிருக்கும். ஜூனில் புது குரூப் உருவாக்காமல் ஆடிட்டர்களை ஏற்கெனவே உள்ள விசிட்டர்ஸ் குரூப்புக்குள் சேர்த்திருந்தால் அவர்களுக்கு வங்கி அறிக்கைகளும் தெரிந்திருக்கும், சம்பளப் பட்டியலில் விசிட்டர்ஸை நீக்கிவிட்டதால் அது மட்டும் தெரியாது. குரூப்புக்குள் ஆள் மாறினால் அந்த மாற்றம் பிரிந்த ஃபோல்டரையும் சென்று சேரும். குரூப்பே புதிதென்றால் சேராது. பழைய குரூப்பில் சேர்த்தால் அந்த சைட்டின் மற்ற லைப்ரரிகளும் அவர்களுக்குத் தெரியும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காரணத்துக்காகவும்தான் கணக்குப் பிரிவுக்குத் தனி சைட் இருப்பது நல்லது என்கிறோம்.

இதைச் சரிசெய்ய டிலீட் யூனிக் பெர்மிஷன்ஸ் என்ற பொத்தான் அந்தப் பழைய பக்க ரிப்பனில் இருக்கிறது. தொட்டால் ஃபோல்டர் மறுபடி மேலிருந்து பெர்மிஷனைப் பெறத் தொடங்கும். ஆனால் அதுவரை அந்த ஃபோல்டரில் தனியாகக் கொடுத்த எல்லாம் போய்விடும், மேலாளருக்கு அனுப்பிய லிங்க் உட்பட. முன்னே இருந்ததைத் திரும்பக் கொண்டுவர அன்டூ கிடையாது. தொடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஓனரை வெளியே நிறுத்த முடியாது

ஐடி பிரிவு ஆட்களும் பார்க்கக் கூடாது என்று மனிதவளப் பிரிவு கேட்பது நியாயம்தான். ஃபோல்டரிலிருந்து ஓனர்ஸ் குரூப்பை நீக்கிவிட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. மைக்ரோசாஃப்ட் 365 குரூப்போடு (டீம்ஸ், மின்னஞ்சல், சைட் எல்லாவற்றுக்கும் பொதுவான உறுப்பினர் குழு) இணைந்த டீம் சைட்டில் குரூப் ஓனர்கள் சைட் கலெக்‌ஷன் அட்மினாகவும் (சைட் முழுவதையும் நிர்வகிப்பவர்) இருக்கிறார்கள். ஃபோல்டர் பெர்மிஷன் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லாவிட்டாலும் அவர்களால் திறக்க முடியும். ஃபோல்டர் பூட்டு அட்மினுக்குப் பொருந்தாது. இன்னார் பார்க்கக் கூடாது என்றால் அவர் அந்த சைட்டின் ஓனராகவே இருக்கக் கூடாது. அதற்கு ஒரே வழி தனி சைட்.

டீம்ஸ் சேனல் ஃபோல்டரில் கை வைக்காதீர்கள்

மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் சாதாரண சேனல் ஒன்று உருவாக்கினால், பின்னணியில் ஷேர்பாயின்ட் டாக்குமென்ட்ஸ் லைப்ரரியில் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாகிறது. அந்த ஃபோல்டரில் இன்ஹெரிட்டன்ஸைத் துண்டித்தால் தொழில்நுட்ப ரீதியாக நடக்கும். ஆனால் டீம்ஸுக்கு அது தெரியாது. சேனல் எல்லோருக்கும் தெரியும், அரட்டை தெரியும், ஆக்சஸ் இல்லாதவர்கள் ஃபைல்ஸ் பகுதியைத் தொட்டால் மட்டும் பிழைச் செய்தி வரும். புகார் உங்களுக்கு வரும். சிலருக்கு மட்டும் என்றால் பிரைவேட் சேனல் போடுங்கள். அதற்கென்றே தனி ஷேர்பாயின்ட் சைட் உருவாகிறது, சேனல் உறுப்பினர்களுக்கு மட்டும் அதில் ஆக்சஸ் இருக்கும். டீமின் ஓனரே ஆனாலும் அந்தச் சேனலில் உறுப்பினராக இல்லாவிட்டால் ஃபைல்களைப் பார்க்க முடியாது. மைக்ரோசாஃப்ட் இந்தப் பகுதியைச் சரியாகச் செய்திருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்தலாம்.

லிமிடெட் ஆக்சஸ் என்று வருவது

ஒரு ஃபோல்டரை மட்டும் ஒருவருக்குக் கொடுத்தால், அதற்கு மேலே உள்ள லைப்ரரியிலும் சைட்டிலும் அவர் பெயருக்கு எதிரே லிமிடெட் ஆக்சஸ் என்று தானாகவே வரும். பார்த்ததும் பயந்து நீக்கிவிடுகிறார்கள். அது தலைவாசலைத் தாண்டி அந்த ஒரு அறைக்குப் போக விடும் வழி மட்டும்தான். வேறெதையும் அவருக்குக் காட்டாது. அதை சைட் அளவில் நீக்கினால் கீழே கொடுத்த ஃபோல்டர் ஆக்சஸும் சேர்ந்து போய்விடும். விட்டுவிடுங்கள்.

பெர்மிஷன் சரி, ஃபைல் மட்டும் தெரியவில்லை

இந்தப் புகார் வந்தால் பெர்மிஷனை மாற்றத் தொடங்காதீர்கள், முதலில் செக்-இன் (ஏற்றியவர் ஃபைலை முடித்து மற்றவர்கள் பார்க்க விடுவது) ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். லைப்ரரியில் கட்டாயம் நிரப்ப வேண்டிய நெடுவரிசை ஏதாவது இருந்து, அதை நிரப்பாமல் ஃபைலை ஏற்றினால் சில சமயம் அது செக்-அவுட் நிலையிலேயே (ஏற்றியவர் கையிலேயே இருப்பதாக) நிற்கும். ஒருமுறைகூட செக்-இன் ஆகாத ஃபைல் ஏற்றியவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். லைப்ரரி செட்டிங்ஸில், செக்-இன் ஆகாத ஃபைல்களை நிர்வகிக்கும் இணைப்பு ஒன்று உண்டு. ஓனர் அங்கே போய் அந்த ஃபைலைத் தன் பொறுப்பில் எடுத்து, நெடுவரிசையை நிரப்பி, செக்-இன் செய்யலாம். பெர்மிஷன் புகார் என்று வந்து கடைசியில் இதில் முடிவது வாடிக்கை.

இன்னொன்று, ஆளை குரூப்பில் சேர்த்த உடனேயே எல்லாம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஷேர்பாயின்ட் குரூப் என்றால் மாற்றம் சீக்கிரம் தெரியும். மைக்ரோசாஃப்ட் 365 குரூப் வழியாக என்றால் சில மணி நேரம் பிடிக்கலாம். அதற்குள் பொறுமை இழந்து நேரடியாகப் பெயரைச் சேர்த்துவிடுகிறவர்கள் அதைப் பிறகு நீக்க மறந்துவிடுகிறார்கள். அவர் பிரிவு மாறிப் போன பின்னும் அந்த நேரடி ஆக்சஸ் அப்படியே இருக்கும்.

யாருக்கு என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது

ஒருவரைப் பற்றி மட்டும் தெரிய வேண்டுமென்றால் பழைய பக்க ரிப்பனில் செக் பெர்மிஷன்ஸ் போதும். பெயரைக் கொடுத்தால் என்ன லெவல், எந்த குரூப் வழியாக வந்தது என்று வரி வரியாகச் சொல்லும். மிக நல்ல கருவி, ஏன் இதைப் புதிய பலகைக்குக் கொண்டுவரவில்லை என்பது எங்களுக்குப் புரியாத விஷயம்.

லைப்ரரியில் எந்தெந்த ஃபோல்டர் பிரிந்து நிற்கிறது என்று பார்க்க, லைப்ரரியின் பெர்மிஷன் பக்கத்துக்குப் போங்கள். மஞ்சள் பட்டையில், சில உருப்படிகளுக்கு வேறு பெர்மிஷன் இருக்கிறது என்ற வாசகமும் அவற்றைக் காட்டும் இணைப்பும் வரும். வாசகம் வரவில்லை என்றால் எதுவும் பிரியவில்லை.

சைட் முழுவதற்கும் வேண்டுமென்றால் பல்சக்கரத்தில் சைட் யூசேஜ், அதில் வெளியாட்களுடன் பகிர்ந்தவை என்ற பகுதிக்குக் கீழே ரன் ரிப்போர்ட். தலைப்பு வெளியாட்களைப் பற்றி இருந்தாலும் அறிக்கை எல்லோரையும் காட்டும், அதனாலேயே பலர் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். எந்த ஃபோல்டரில் சேமிக்க என்று கேட்கும். ஓனர்கள் மட்டும் பார்க்கிற ஃபோல்டரைக் காட்டுங்கள். ஏனென்றால் அந்த அறிக்கை வரும் சிஎஸ்வி (அட்டவணைத் தகவல்) ஃபைலில் பூட்டிய ஃபோல்டர்களின் பெயர்களும் ஆட்களின் மின்னஞ்சல்களும் இருக்கும். எக்செலில் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் உருப்படியின் பாதை, அது ஃபோல்டரா ஃபைலா, பெர்மிஷன் லெவல், ஆள் பெயர், மின்னஞ்சல், ஆளா குரூப்பா, எந்த வகை லிங்க் என்ற தகவல் வரும். லிங்க் வகை இருக்கும் நெடுவரிசையில் ஃபில்டர் போட்டு எனிஒன் லிங்க்குகளை முதலில் எடுங்கள். அடுத்து மின்னஞ்சல் நெடுவரிசையில் உங்கள் டொமைன் (மின்னஞ்சலில் @-க்குப் பின் வரும் பகுதி) அல்லாதவற்றை எடுங்கள். இந்த இரண்டு ஃபில்டரிலேயே உடனடியாகக் கவனிக்க வேண்டியவை சிக்கிவிடும்.

குறை என்னவென்றால் குரூப்புக்குள் யார் இருக்கிறார் என்பதை இந்த அறிக்கை விரிக்காது. குரூப் பெயரோடு நின்றுவிடும். ஆடிட்டருக்கு முழுப் பட்டியல் வேண்டுமென்றால் ஒவ்வொரு குரூப்பையும் தனியாகத் திறக்க வேண்டும், அல்லது பவர்ஷெல் (மைக்ரோசாஃப்டின் கட்டளை மொழி) ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். யார் எப்போது துண்டித்தார், யார் லிங்க் உருவாக்கினார் என்ற கேள்விக்குப் மைக்ரோசாஃப்டின் கண்காணிப்புக் கருவியான பர்வ்யூவின் தணிக்கைப் பதிவில் பதில் உண்டு. சாதாரண உரிமத்தில் 180 நாள் வரைதான் பின்னோக்கிப் பார்க்க முடியும்.

எண்ணிக்கை வரம்பு

ஒரு லைப்ரரியில் தனி பெர்மிஷன் உள்ள உருப்படிகள் 50,000 வரை போகலாம் என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் உச்சவரம்பு. ஆனால் 5,000-க்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே அவர்களின் பரிந்துரை. ஐயாயிரம் எங்கே வரப்போகிறது என்று தோன்றும். இன்ஹெரிட்டன்ஸைத் துண்டிக்கும் லிங்க் போட்ட ஒவ்வொரு உருப்படியும் இந்தக் கணக்கில் சேர்கிறது என்பதை நினைவில் வையுங்கள். வாடிக்கையாளர் வாரியாக ஃபோல்டர் போட்டு ஒவ்வொன்றையும் லிங்க்காக அனுப்பும் அலுவலகத்தில் இது எட்டாத எண் இல்லை.

இன்னொரு வரம்பு கடுமையானது. ஒரு ஃபோல்டருக்கோ லைப்ரரிக்கோ உள்ளே 1,00,000 உருப்படிகளைத் தாண்டிவிட்டால் அதன் இன்ஹெரிட்டன்ஸைத் துண்டிக்கவும் முடியாது, துண்டித்ததை மறுபடி ஒட்டவும் முடியாது. பழைய ஃபைல் சர்வரை மொத்தமாக ஏற்றிவிட்டுப் பிறகு பூட்டிக்கொள்ளலாம் என்று திட்டமிடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் காலி லைப்ரரியில் பெர்மிஷனை அமைத்துவிட்டு, அதன் பிறகே ஃபைல்களை ஏற்றுங்கள்.

வெளியாட்களுக்குக் கொடுப்பதை ஃபோல்டர் அளவில் கட்டுப்படுத்த முடியாது என்பதும் வரம்புதான். வெளியே பகிரலாமா கூடாதா என்ற அமைப்பு சைட் அளவில்தான் இருக்கிறது. ஒரு ஃபோல்டரை வெளியாருக்குத் தர வேண்டும் என்பதற்காக சைட்டில் அதைத் திறந்தால், அதே சைட்டில் உள்ள சம்பளப் பட்டியலையும் அந்த மூவரில் ஒருவர் வெளியே அனுப்பிவிட முடியும்.

டிலீட் இல்லாத லெவல்

ஃபைல் போடலாம், திருத்தலாம், நீக்க மட்டும் கூடாது என்ற கோரிக்கை அடிக்கடி வரும். செய்யலாம். பெர்மிஷன் லெவல்ஸ் பக்கத்தில் கான்ட்ரிபியூட்டைத் திறந்து, அடியில் உள்ள காப்பி பொத்தானால் பிரதி எடுத்து, டிலீட் ஐட்டம்ஸ், டிலீட் வெர்ஷன்ஸ் இரண்டிலும் டிக்கை எடுத்துப் புதுப் பெயரில் சேமியுங்கள். மூல லெவலை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பக்கவிளைவு ஒன்று உண்டு. ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பதும் நீக்கும் உரிமையைக் கேட்கும், ஆகவே இந்த லெவல் உள்ளவர்கள் ஃபைலை ஃபோல்டர் மாற்ற முடியாது. தவறான ஃபோல்டரில் போட்டுவிட்டால் ஓனர்தான் நகர்த்த வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிறகு சண்டை வராது. நீக்கிவிடுவார்களோ என்ற பயம் மட்டும்தான் காரணம் என்றால் இது தேவையே இல்லை, ரீசைக்கிள் பின்னும் பழைய வெர்ஷன்களும் போதும்.

கோபைலட் வந்த பிறகு

மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரான கோபைலட் யாருடைய பூட்டையும் உடைப்பதில்லை. கேட்பவருக்கு எதைப் பார்க்க பெர்மிஷன் இருக்கிறதோ அதிலிருந்துதான் பதில் சொல்லும். ஆனால் இதுவரை யாரும் தேடிப் போகாததால் பாதுகாப்பாக இருந்தவை இப்போது கேட்ட மாத்திரத்தில் வந்து நிற்கின்றன. குறிப்பாக, வெளியாட்கள் தவிர எல்லோரும் என்று பொருள்படும் எவ்ரிஒன் எக்செப்ட் எக்ஸ்டர்னல் யூசர்ஸ் என்ற குரூப் எங்கெங்கே சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பப்ளிக் என்று உருவாக்கிய டீம் சைட்டில் அது மெம்பர்ஸுக்குள் தானாகவே இருக்கும், அதாவது நிறுவனத்தில் உள்ள எல்லோருக்கும் எடிட். உள்ளே முக்கியமான ஃபைல் எதுவும் வைக்கும் முன் சைட்டை பிரைவேட்டாக மாற்றுங்கள்.

முதல் நாளிலேயே மாற்ற வேண்டியவை

தொடக்க அமைப்பில் இரண்டை மாற்றினாலே மேலே சொன்ன தொல்லைகள் பெருமளவு வராது. ஒன்று, சைட் பெர்மிஷன்ஸ் பலகையில் மெம்பர்கள் எப்படிப் பகிரலாம் என்ற இணைப்பு. மூன்று தேர்வுகள் இருக்கும். முக்கியமான சைட்டில் ஓனர்கள் மட்டும் பகிரலாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் ஆக்சஸ் ரிக்வெஸ்ட் யாருக்குப் போக வேண்டும் என்றும் கேட்கும். ஒருவர் பெயரைக் கொடுக்காதீர்கள், அவர் விடுப்பில் போனால் கோரிக்கைகள் தேங்கிவிடும். ஓனர்கள் எல்லோருக்கும் போகும்படி வையுங்கள்.

இரண்டாவது, அட்மின் சென்டரில் அந்த சைட்டுக்கான டீஃபால்ட் லிங்க் வகை. ஏற்கெனவே ஆக்சஸ் உள்ளவர்களுக்கு என்பதை வைத்துவிட்டால், யாராவது யோசிக்காமல் ஷேர் பொத்தானைத் தொட்டாலும் இன்ஹெரிட்டன்ஸ் துண்டாகாது. வேறு வகை வேண்டுமென்றால் அவர் தெரிந்தே மாற்ற வேண்டியிருக்கும். இவ்வளவு நல்ல அமைப்பைத் தொடக்கத்திலேயே வைக்காமல் விட்டதுதான் குறை.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கிவிட்டு, அவர் திரும்பி வந்ததும் அதே மின்னஞ்சலில் புதுக் கணக்கு உருவாக்கினால் ஒரு விநோதம் நடக்கும். பட்டியலில் அவர் பெயர் இருக்கும், ஆனால் ஆக்சஸ் டினைட் என்றே வரும். பெயர் ஒன்றானாலும் உள்ளே அடையாள எண் வேறு, ஷேர்பாயின்ட் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறது. சைட்டின் ஆட்கள் பட்டியலிலிருந்தே அவரை ஒருமுறை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் சரியாகும். குரூப் குரூப்பாக எடுத்துச் சேர்ப்பதால் பயனில்லை.

கடைசியாக, எந்த மாற்றம் செய்தாலும் ஓனர் கணக்கில் திறந்து பார்த்து சரி என்று முடித்துவிடாதீர்கள். ஓனருக்கு எப்போதும் எல்லாம் தெரியும். எந்த உரிமையும் இல்லாத ஒரு சோதனைக் கணக்கு வைத்துக்கொண்டு, அதை உரிய குரூப்பில் சேர்த்து, பிரைவேட் விண்டோவில் நுழைந்து, தெரிய வேண்டியது தெரிகிறதா, தெரியக் கூடாதது மறைந்திருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். பார்த்த பிறகு அந்தக் கணக்கைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.